வாயில் இருக்கிறது மந்திரம்

(பெசன்ட் நகரில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஓதல், மந்திரம், மயக்கம் என்று அழைப்பிதழில் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு யாராவது எலுமிச்சம்பழத்தோடு வந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஏவவும் தெரியாது, எடுக்கவும் தெரியாது. அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன, நம் பேச்சில் எப்படிக் குடியேறின என்று பேசத்தான் வந்திருக்கிறேன்.

இந்தப் பேச்சுக்கு பெசன்ட் நகர் நல்ல இடம். கடற்கரையோரமாக வடக்கிலிருந்து தெற்கே நடந்து பாருங்கள். ஊரூர் ஆல்காட் குப்பத்தில் எல்லையம்மன். எலியட்ஸ் கடற்கரையைத் தாண்டினால் வேளாங்கண்ணி மாதா. மாதா கோயிலைத் தாண்டினால் அஷ்டலட்சுமி. ஆகஸ்ட் 29ஆம் தேதி கொடியேறியதும் காவி உடுத்திக்கொண்டு கால்நடையாக வருகிற கூட்டத்தின் கையில் செபமாலை இருக்கும். அதே நேரத்தில் அஷ்டலட்சுமி கோயில் படியில் உட்கார்ந்திருக்கிற மாமியின் கையில் ஜபமாலை இருக்கும். இரண்டும் ஒரே சொல். சமஸ்கிருதத்தில் ‘ஜப்’ என்ற வேருக்கு முணுமுணுப்பது, தாழ்ந்த குரலில் சொல்வது என்று பொருள். மாமி சொன்னால் ஜபம், கத்தோலிக்கர் எழுதினால் செபம், சீர்திருத்த சபையார் சொன்னால் ஜெபம். முதல் எழுத்தை வைத்தே ஆள் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று சொல்லிவிடலாம்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் சைவப் பிள்ளைகளுக்காக எழுதிய ‘சைவ வினாவிடை’யைத் திறந்து பாருங்கள். ஐந்தெழுத்தை எப்படி ஓத வேண்டும் என்று சொல்லும் இடத்தில் அவர் எழுதுவது செபம்தான். உருத்திராக்க மாலைக்கு அவர் வைத்திருக்கும் பெயர் செபமாலைதான். சைவத்துக்காக அத்தனை வாதாடிய அந்த மனிதர், இளமையில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத்தைத் தமிழாக்கித் தர உதவியவரும்கூட. சொல் அப்போது பொதுவாக இருந்தது. எழுத்து பிரிந்தது பிறகு. இப்போது கத்தோலிக்கர் பலர் ‘இறைவேண்டல்’ என்கிறார்கள். வேண்டல் நல்ல தமிழ்ச் சொல், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் செபத்தில் இருந்த அந்த முணுமுணுப்பு அதில் இல்லை.

‘ஓது’ என்ற சொல் இப்படிப் பிரியவில்லை. கோயிலில் தேவாரம் பாடுகிறவர் ஓதுவார். வேதத்துக்கே பழந்தமிழில் ஓத்து என்று பெயர்; தொல்காப்பியத்தின் இயல்களையும் உரைகாரர்கள் ஓத்து என்பார்கள். முஸ்லிம் வீட்டுப் பிள்ளை மதரசாவுக்குப் போனால் ‘ஓதப் போயிருக்கான்’. யாரையாவது கிண்டல் செய்ய வேண்டுமானால் ‘சாத்தான் வேதம் ஓதுகிறது’ என்கிறோம். படிப்பது, பாடுவது, மனப்பாடமாகச் சொல்வது, பாடம் கேட்பது எல்லாம் இந்த ஒரு வினைக்குள் அடங்கும். ஓதுவதற்குக் கண் தேவையில்லை, ஏடு தேவையில்லை, பொருள் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயம் இல்லை. வாய் வேண்டும்.

இன்று நான் சொல்ல வந்ததே இதுதான். தமிழில் மந்திரம் சொல்லுக்குள் இல்லை. சொல்கிற வாயில் இருக்கிறது.

‘மந்திரம்’ என்ற சொல்லின் பிறப்பு இதற்கு எதிராக நிற்பதுபோல் தோன்றும். அது வடசொல். ‘மன்’ என்றால் நினைப்பது. மனம், மதி எல்லாம் அந்த வேர்தான். ‘த்ர’ என்பது கருவியைக் குறிக்கும் விகுதி. ஆக மந்திரம் என்றால் நினைப்பதற்கான கருவி. நினைப்பிலிருந்து ஆலோசனைக்குப் போனது. அதனால் ஆலோசனை சொல்கிறவர் மந்திரி. அந்த மந்திரி மலாய் மொழிக்குப் போய், அங்கிருந்து போர்த்துக்கீசியர் வாயில் ஏறி, சீனத்து அதிகாரிகளுக்குப் பெயராகி, கடைசியில் சீன மொழிக்கே மேண்டரின் என்று பெயராயிற்று. இத்தனைக்கும் நம் ஊர் மந்திரிகளுக்கும் மந்திரத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

வடக்கின் மரபில் நினைப்புக்குத்தான் முதல் மரியாதை. செபம் மூன்று வகை என்பார்கள்: பிறர் காதில் விழும்படி சொல்வது வாசகம், உதடு மட்டும் அசைவது உபாஞ்சு, உதடும் அசையாமல் மனத்துக்குள் உருட்டுவது மானசம். மூன்றில் உயர்ந்தது மானசம். வாய் அடங்க அடங்க மதிப்பு கூடுகிறது.

தொல்காப்பியர் பார்த்த பார்வை வேறு. செய்யுளியலில் மந்திரம் என்பதற்கு இலக்கணம் சொல்கிறார். நிறைந்த சொல்லை உடைய மனிதர்கள் ஆணையாகச் சொன்ன மறைவான சொல் எதுவோ அதுவே மந்திரம் என்பது அதன் கருத்து. அதில் எந்தத் தெய்வத்தின் பெயரும் இல்லை, எந்த எழுத்து, எத்தனை எழுத்து என்ற பேச்சும் இல்லை, எந்த மொழி என்றும் இல்லை. சொன்னவர் யார், எப்படிச் சொன்னார் என்ற இரண்டே கேள்விதான். ஆளை நிறைமொழி உடையவராகப் பார்த்துவிட்டால், அவர் ஆணையாகச் சொல்வது மந்திரம். வேறொருவர் அதே சொல்லைச் சொன்னால் அது வெறும் சொல்.

இது ஏட்டில் மட்டும் இருக்கிற கருத்தா? சென்னையில் பல பள்ளிவாசல்களின் வாசலில் மாலைத் தொழுகை முடியும் நேரத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பெண்கள் நிற்பார்கள். பலர் நெற்றியில் குங்குமம் இருக்கும். சிலர் கையில் மூடியைத் திறந்து வைத்த தண்ணீர் பாட்டில். தொழுதுவிட்டு வெளியே வருகிறவர், ஒரு காலைச் செருப்புக்குள் நுழைத்தபடியே உதடசைய எதையோ ஓதுவார். குழந்தையின் உச்சந்தலையில் மெல்ல ஊதுவார். பாட்டிலுக்குள்ளும் ஓர் ஊது. அடுத்த குழந்தைக்கு நகர்வார். என்ன ஓதினார் என்று அந்தத் தாய் கேட்பதில்லை. அரபி அவளுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தொழுதுவிட்டு வந்த வாய் என்பது போதும். இதற்குப் பெயர் ‘ஓதி ஊதுறது’. (ஓது, ஊது இரண்டும் ஒரே வேரா என்று இடைவேளையில் கேட்காதீர்கள். ஓசை ஒத்திருப்பதாலேயே உறவு ஆகிவிடாது. அந்த வழியில் போனால் எதையும் எதிலிருந்தும் பிறக்க வைக்கலாம்.)

அந்தக் குழந்தையின் இடுப்பில் கட்டியிருக்கும் தாயத்தும் அரபியிலிருந்து வந்ததுதான். அங்கே அது ‘தஅவீத்’. உருது வழியாக நம்மிடம் வந்து தாயத்து ஆயிற்று. அடைக்கலம் தேடுவது என்பது அதன் வேர்ப்பொருள். குர்ஆன் ஓதத் தொடங்கும்போது ‘அஊது’ என்று ஆரம்பிப்பார்கள் அல்லவா, அதே வேர். தாய் கட்டுவது தாயத்து என்று சொல்கிறவர்கள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இனி கொஞ்சம் பின்னால் போவோம். இந்த இடத்திலிருந்து கலாக்ஷேத்ரா காலனிப் பக்கம் போனால் உ.வே. சாமிநாதையர் நூல் நிலையம். ஐயர் 1942இல் மறைந்தார்; அவர் தேடிச் சேர்த்த சுவடிகளையும் நூல்களையும் காப்பாற்ற 1943இல் தொடங்கிய நூல் நிலையம் அது. குறுந்தொகையை அவர் தம் உரையோடு 1937இல் வெளியிட்டார். சௌரிப்பெருமாள் அரங்கன் அதற்கு முன்பே 1915இல் பதிப்பித்திருக்கிறார். அந்தக் குறுந்தொகையின் இருபத்து மூன்றாவது பாட்டு, ஔவையார் பாடியது. நம் பொருளுக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

நடப்பது இது. பெண் இளைத்துப்போகிறாள். அவளுக்கு ஒருவன்மேல் காதல் என்பது தாய்க்குத் தெரியாது. ஏதோ தெய்வம் தீண்டியிருக்கிறது என்று நினைத்துக் குறி சொல்கிறவளைக் கூப்பிடுகிறாள். அவள் வயதானவள், சங்குமணி கோத்ததுபோல் வெளுத்த நீளக் கூந்தல். மலைமலையாகப் பெயர் சொல்லித் தெய்வங்களை அழைத்துப் பாடிக்கொண்டே வருகிறாள். பாடுகிற வேகத்தில், தெரியாமலே, அந்தக் காதலன் ஊர் மலையின் பெயரையும் பாடிவிடுகிறாள். பக்கத்தில் நிற்கிற தோழி சட்டென்று பிடித்துக்கொள்கிறாள். அதைப் பாடு, இன்னும் பாடு, அவருடைய மலையைப் பாடினாயே அதையே பாடு என்கிறாள். ‘அவருடைய’ என்று ஒரு சொல் வந்ததும் தாய்க்கு விளங்கிவிடுகிறது. குறி பலித்துவிட்டது, பலிக்க வைத்தவள் தோழி.

இதில் எனக்கு வியப்பு, பாட்டே ஓதலாக மாறிவிடுவது. சின்னஞ்சிறு பாட்டு. அதற்குள் குறிகாரியைக் கூப்பிடும் விளி மூன்று முறை வருகிறது. பாட்டு என்ற சொல்லும் மூன்று முறை வருகிறது. அவள் தெய்வத்தை அழைக்கிற முறையிலேயே தோழி அவளை அழைக்கிறாள்.

அந்தக் குறிகாரிக்குப் பாட்டில் உள்ள பெயர் ‘அகவன் மகள்’. அகவுதல் என்றால் அழைத்தல். நமக்கெல்லாம் அந்த வினை எங்கே தெரியும் என்றால் பள்ளிக்கூடத்தில்: மயில் அகவும், குயில் கூவும். இரண்டு மதிப்பெண் கேள்வி. மயிலின் குரலுக்கும் குறிகாரியின் குரலுக்கும் தமிழில் ஒரே வினை. அந்த வினையிலிருந்துதான் ஆசிரியப்பாவுக்கு அகவல் என்று பெயர். சங்கப் பாட்டில் பெரும்பகுதி இந்தப் பாவில்தான் இருக்கிறது. நம் இலக்கியத்தின் முதல் யாப்பு, தெய்வத்தைக் கூவி அழைத்தவளின் தொழிற்பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. விநாயகர் அகவலைத் தினமும் சொல்கிறவர்கள் இங்கே இருப்பீர்கள். நீங்கள் சொல்வது பாட்டின் பெயர் மட்டுமில்லை, நீங்கள் செய்கிற செயலின் பெயரும் அதுதான்.

ஃபிரிட்ஸ் ஸ்டால் என்று ஒரு டச்சு அறிஞர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1975இல் கேரளத்துப் பாஞ்ஞாளில் நம்பூதிரிகள் நடத்திய அக்னிசயன வேள்வியைப் படம் பிடித்து, பெரிய நூலாகவும் எழுதினார். மந்திரத்துக்குப் பொருள் தேடாதீர்கள், அது விதிப்படி எழுப்பப்படும் ஒலி, மொழியைவிடப் பறவையின் குரலுக்குத்தான் அது நெருக்கம் என்பது அவர் வாதம். பலர் கோபப்பட்டார்கள். முழுதும் ஒப்புக்கொள்ள என்னாலும் முடியவில்லை. குறுந்தொகைத் தோழி பொருளைப் பிடித்துக்கொண்டதால்தானே காரியம் நடந்தது? ஆனால் பறவைக் குரல் என்று அவர் சொன்னதைக் கேட்டு எந்தத் தமிழ் வாத்தியாரும் அதிர்ந்திருக்க வேண்டியதில்லை. மயிலையும் குறிகாரியையும் ஒரே வினையில் வைத்த மொழி இது.

பொருளில்லாத ஒலிக்கு வேலை செய்யும் திறன் உண்டா என்று கேட்டால் குப்பத்துக்காரர்களைக் கேட்க வேண்டும். கரைவலை இழுக்கும்போது பாடுகிற பாட்டுக்கு அம்பா என்று பெயர். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ, ஐலசா என்று முடிப்பார்கள். முடிக்கும் அந்த ஒலியில்தான் எல்லாக் கைகளும் ஒன்றாகக் கயிற்றை இழுக்கும். ஏலேலோவுக்குப் பொருள் சொல்ல முயன்றவர்கள் உண்டு. மயிலாப்பூரில் திருவள்ளுவரின் நண்பராக ஏலேலசிங்கன் என்று ஒரு வணிகர் இருந்தார், அவர் கப்பலில் வேலை செய்தவர்கள் அவர் பெயரைச் சொல்லி இழுத்ததுதான் ஏலேலோ என்பது பழைய கதை. மயிலாப்பூர்க்காரர்களுக்கு எதையும் மயிலாப்பூரிலேயே தொடங்கி வைக்க ஆசை. வலை இழுப்பவருக்குச் சிங்கனும் வேண்டாம், பொருளும் வேண்டாம். தாளம் தப்பாமல் இருந்தால் போதும். இப்போது ஃபைபர் படகும் மோட்டாரும் வந்த பிறகு அந்தக் குரல் அபூர்வம். வலை என்றதும் நினைவு வருகிறது: மாயாஜாலம், இந்திரஜாலம், வார்த்தை ஜாலம் என்கிறோமே, ஜாலம் என்றால் சமஸ்கிருதத்தில் வலை. இந்திரன் வீசிய வலை இந்திரஜாலம்.

அடுத்து, நோய். மந்திரம் அதிகம் வேலை செய்தது நோயாளியின் பக்கத்தில்தான். புறநானூற்றை ஐயர் 1894இல் பதிப்பித்தார். அதன் 281ஆம் பாட்டு, அரிசில்கிழார் பாடியது. புண்பட்டு வந்த வீரன் வீட்டில் கிடக்கிறான். மனைவி தோழியை அழைத்து, அவனைக் காப்போம் வா என்கிறாள். இரவ மரத்தின் இலையையும் வேப்பிலையையும் வீட்டில் செருகுகிறார்கள். யாழும் மற்ற இசைக்கருவிகளும் ஒலிக்கின்றன. மையை மெதுவாகத் தடவுகிறார்கள், ஐயவி என்ற வெண்கடுகைச் சிதறுகிறார்கள், ஆம்பல் குழல் ஊதுகிறார்கள், மணி அடிக்கிறார்கள், காஞ்சிப் பண் பாடுகிறார்கள், நறும்புகை போடுகிறார்கள். இதில் எதை மருத்துவம் என்பது, எதை மந்திரம் என்பது? வேப்பிலையும் கடுகும் புகையும் இன்றைக்கும் அம்மை போட்ட வீட்டிலும் திருஷ்டி கழிக்கிற வீட்டிலும் இருக்கின்றன. பண்தான் போய்விட்டது. அந்தப் பெண்கள் செய்ததற்குப் பாட்டில் உள்ள சொல் காத்தல். அதிலிருந்துதான் காப்பு: குழந்தையின் கைக்காப்பு, திருவிழாவுக்குக் கட்டும் காப்பு, நூலின் தொடக்கத்தில் வரும் காப்புச் செய்யுள், பிள்ளைத்தமிழின் முதல் பருவமான காப்புப் பருவம்.

காப்பின் வடமொழி உறவு கவசம். பக்கத்துத் திருவான்மியூரில் பாம்பன் சுவாமிகள் சமாதி இருக்கிறது. 1929இல் அங்கே அடக்கமானார். 1891இல் அவர் பாடியது சண்முக கவசம். அதன் அமைப்பைக் கவனித்திருக்கிறீர்களா? முப்பது பாட்டு. அகரம் முதலாகப் பன்னிரண்டு உயிர், பிறகு பதினெட்டு மெய்க்கும் உரிய வரிசை என்று ஒவ்வொரு பாட்டும் ஓர் எழுத்தில் தொடங்கும். தமிழின் முதலெழுத்து முப்பதும் அதில் முடிந்துவிடுகின்றன. உடம்பின் உறுப்பு ஒவ்வொன்றையும் வேல் காக்கட்டும் என்பது பாட்டின் பொருள். நெடுங்கணக்கையே உடம்பின்மேல் சட்டையாகப் போட்டுவிடுவது அமைப்பின் வேலை.

1923 டிசம்பரில் தம்புச் செட்டித் தெருவில் குதிரை வண்டி மோதி சுவாமிகளின் கால் எலும்பு முறிந்தது. எழுபது வயதைக் கடந்தவர், உப்பை விட்டுவிட்டவர். பொது மருத்துவமனையில் சேர்த்தார்கள். இந்த வயதில், இந்த உடம்பில் எலும்பு கூடுவது கடினம் என்றார்கள். அடியார்கள் சண்முக கவசத்தை விடாமல் ஓதினார்கள். சில நாளில் மயில்கள் ஆடி வரும் காட்சியைச் சுவாமிகள் கண்டார், கால் கூடிவிட்டது என்பது அடியார்கள் சொல்வது. மயூர வாகன சேவனம் என்று ஆண்டுதோறும் திருவான்மியூரில் கொண்டாடுகிறார்கள். எலும்பு எப்படிக் கூடிற்று என்பதில் நான் தலையிடவில்லை. அவரே எழுதிய கவசத்தை அவர் காலுக்காகப் பிறர் ஓதினார்கள் என்பதுதான் எனக்குச் செய்தி. எழுதிய வாய் வலியில் கிடக்க, அதன் வலிமை நூறு வாய்களுக்கு மாறியிருக்கிறது.

இப்படித் திரும்பத் திரும்ப ஓதுவதற்குத் தமிழில் ‘உரு’ என்று பெயர். ஆயிரத்தெட்டு உரு, லட்சம் உரு என்று எண்ணுவார்கள்; உரு ஏற ஏற மந்திரத்துக்குத் திறன் ஏறும். அந்தச் சொல் மந்திரவாதியிடமிருந்து எங்கே போயிற்று தெரியுமா? பள்ளிக்கூடத்துக்கு. வாய்ப்பாட்டை உருப்போடு, செய்யுளை உருப்போடு. எதிர்த்திசையிலும் ஒரு சொல் போயிருக்கிறது: பள்ளிக்கூடத்துப் பாடம், தெற்கே பாம்புக்கடிக்கும் மஞ்சள்காமாலைக்கும் ‘பாடம் போடுகிற’ பாடம் ஆயிற்று.

மந்திரவாதியின் சொற்கள் இன்னும் பல நம்மோடு உலவுகின்றன. மாந்திரீக நூல்களில் அட்ட கருமம் என்று எட்டுத் தொழில் சொல்வார்கள்: வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆகருஷணம், பேதனம், வித்துவேஷணம், மாரணம். பயப்படாதீர்கள், இதில் பாதியை நீங்கள் காலையில் பேப்பரில் படித்திருப்பீர்கள். தம்பனம் என்பது ஒருவரை அசையாமல் தூணாக்கி நிறுத்தும் வித்தை. தம்பம் என்றால் தூண், கொடித்தம்பம் என்கிறோமே அதுதான். மழை பெய்தால் அடையாறு சிக்னலில் ‘போக்குவரத்து ஸ்தம்பித்தது’. மோகனம் என்ற ராகம் மார்கழியில் நம் சபாக்களில் தினமும் கேட்கிறது. ஆகருஷணம் பழைய பாடப்புத்தகத்தில் பூமியின் ஆகர்ஷண சக்தியாக இருந்தது. புவியீர்ப்பு வந்து அதை ஓட்டிவிட்டது. வித்துவேஷணத்தில் இருப்பது துவேஷம், பேதனத்தில் இருப்பது பேதம். இவை இரண்டுக்கும் மந்திரவாதியை யாரும் தேடிப் போவதில்லை.

உச்சாடனம் பற்றி ஒரு புகார் உண்டு. கும்பாபிஷேகச் செய்தி எழுதுகிற நிருபர்கள் ‘வேத விற்பன்னர்கள் மந்திரங்களை உச்சாடனம் செய்தனர்’ என்று எழுதுகிறார்கள். உச்சரிப்பது உச்சாரணம். உச்சாடனம் என்றால் விரட்டுவது. பேயையோ பகைவனையோ ஊரைவிட்டுத் துரத்தும் வித்தை. அப்படியானால் கும்பாபிஷேகத்தன்று யாரை விரட்டினார்கள்? இனித் திருத்த முடியாது, நிலைத்துவிட்டது. ஆனாலும் பார்க்கும்போதெல்லாம் கண்ணை உறுத்துகிறது.

சூனியம் இன்னும் வேடிக்கை. சூன்யம் என்றால் வெறுமை, ஒன்றுமில்லாமை. கணக்கில் அது பூஜ்யம்; அரபியர் அதைத் தம் மொழியில் ‘சிஃப்ர்’ என்று பெயர்த்தார்கள்; அது ஐரோப்பா போய்த் திரும்பி நம்மிடம் ‘சைபர்’ என்று வந்தது. (சைபர் கிரைம் போலீஸின் சைபர் வேறு, அது கிரேக்க மாலுமியிடமிருந்து வந்தது.) நம் ஊரில் மட்டும் அந்த வெறுமையை எலுமிச்சம்பழத்திலும் பொம்மையிலும் ஏற்றி எதிரி வீட்டு வாசலில் புதைத்தார்கள். ஒருவனை ஒன்றுமில்லாமல் ஆக்குவதால் சூனியம்.

மேல்நாட்டிலும் மயக்கும் சொற்கள் பாட்டிலிருந்துதான் பிறந்திருக்கின்றன. என்சான்ட் என்பதற்குள் இருப்பது லத்தீனில் பாடுவது என்ற வினை. ஒருவர்மேல் பாடுவது என்பது முழுப்பொருள். சார்ம் என்பதும் லத்தீனில் பாட்டு என்ற சொல்தான். ஸ்பெல் என்றால் முதலில் வெறும் பேச்சு, கதை. இவற்றுள் எனக்குப் பிடித்தது கிளாமர். கோடம்பாக்கத்தில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு நாள் நகராது. அது கிராமர் என்பதன் திரிபு, ஆம், இலக்கணம்தான். எழுத்தறியாத ஊரில் இலக்கணம் படித்தவன் மந்திரவாதி மாதிரி. அவன் கையில் இருந்த வித்தை ஸ்காட்லாந்துக்காரர் வாயில் கிளாமர் ஆயிற்று.

இலக்கணத்துக்கும் அழகுக்கும் என்ன சம்பந்தம் என்று நாம் சிரிக்க முடியாது. லட்சணமான பெண் என்கிறோமே, அது இலக்கணத்தின் மூல வடிவம். நம் இலக்கண நூலுக்குள்ளேயே மயக்கம் இருக்கிறது: மெய்ம்மயக்கம், வேற்றுமை மயக்கம், திணை மயக்கம். மயங்குதல் என்றால் முதலில் கலத்தல். ஒன்றோடு ஒன்று கலந்தால் எது எது என்று தெரியாது, அதனால் குழப்பம். குழம்பினால் அறிவு தளரும், அதனால் மயக்கம் போட்டு விழுவது. அப்படி விழ வைக்கிறவள் மயக்குகிறவள். கடைசியில் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க டாக்டர். தொல்காப்பியரிடமிருந்து மயக்க ஊசிவரை ஒரே வினை நடந்து வந்திருக்கிறது.

மறுபடி வாய்க்கு வருகிறேன். யாராவது வேண்டாததைப் பேசினால் வீட்டில் என்ன சொல்வார்கள்? மயிலாப்பூர் பாட்டியாக இருந்தால், ததாஸ்து தேவதைகள் சுற்றிக்கொண்டிருக்கும், அபசகுனமாகப் பேசாதே என்பார். மற்ற வீடுகளில் ‘வாயைக் கழுவு’. சொன்னது பலித்தால் ‘வாய் முகூர்த்தம்’. நல்லது சொன்னால் ‘உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்’. கெட்டது சொல்லிப் பலித்துவிட்டால் அவனுக்குக் கருநாக்கு. கண்ணேறு மாதிரி நாவேறும் உண்டு. இவர்கள் யாரும் மந்திரம் படித்தவர்கள் இல்லை. சாதாரண வாய், சாதாரணச் சொல். அதற்கே இத்தனை பயம்.

புலவன் வாய் என்றால் கேட்க வேண்டாம். அறம் பாடி ஆளைக் கொல்வது என்று ஒரு நம்பிக்கை. நந்திக் கலம்பகத்தின் தலைவன் மூன்றாம் நந்திவர்மன், ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவன். மயிலைக்குக் காவலன் என்றும் அவனைப் புகழ்வார்கள். பாட்டில் வேண்டுமென்றே அறம் வைக்கப்பட்டிருந்ததாம். தெரிந்தும் தமிழ்ச் சுவைக்காகப் பந்தலுக்குப் பந்தல் நகர்ந்து கேட்டு, கடைசிப் பாட்டில் எரிந்து போனானாம். கதைதான். ஆனால் அந்தக் கதையின் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. பாட்டியல் நூல்கள் எழுத்துகளை அமுத எழுத்து, நச்செழுத்து என்று பிரித்தன. பாட்டுடைத் தலைவன் பெயரோடு முதற்சீர் பொருந்துகிறதா, அங்கே நச்செழுத்து விழுகிறதா என்று பார்த்துத்தான் புலவன் வாயைத் திறக்க வேண்டும். ஏனென்றால் அது அவையில் எல்லார் காதும் கேட்கச் சொல்லப்படும் சொல்.

இன்றைக்கு அந்தப் பொருத்தம் பார்க்கிற வேலையை எண்கணிதக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். நம் பேட்டையிலேயே பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். ஆங்கிலத்தில் பெயரின் நடுவே கூடுதலாக ஓர் ஏ, கடைசியில் இன்னோர் எச். குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும்போதும், படத்துக்குப் பெயர் வைக்கும்போதும், கடை திறக்கும்போதும் கூட்டுத்தொகை பார்க்கிறார்கள். பாட்டியல்காரரின் நச்செழுத்தை நான் நம்பவில்லை. ஆனால் அவர் கவலை எனக்குப் புரிகிறது. அது காதில் விழும் எழுத்து. இந்தக் கூடுதல் எச்சை அம்மா பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடும்போதும் யாரும் சொல்வதில்லை, ஆசிரியர் வருகைப் பதிவு எடுக்கும்போதும் சொல்வதில்லை. ஆதார் அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் பெயர் ஒத்துவராமல் போகும்போது மட்டும்தான் அது பேசுகிறது.

நேரமாகிவிட்டது. கேள்விகள் இருந்தால் கேட்கலாம்; தங்கள் பெயரில் எழுத்து சேர்த்தவர்கள் முதலில் கேட்கலாம்.